கார் பந்தய வர்ணனை: திரையில் தெரியாததைச் சொல்லும் வேலை

ஒரு கார் பந்தயம் முடிந்து வர்ணனையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டே தீர்ப்புகள்தான் காதில் விழும். “சும்மா கத்திக்கொண்டே இருந்தார்” என்பது ஒன்று. “தாலாட்டுப் பாடினார்” என்பது இன்னொன்று. இரண்டும் குரலைப் பற்றியவை. வர்ணனையைக் குரலை மட்டும் வைத்து எடைபோடுவது, மருத்துவரை அவருடைய கையெழுத்தை வைத்து எடைபோடுவதற்குச் சமம். நல்ல பந்தய வர்ணனையாளர் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் நம் காதுக்கு எட்டாது. கணக்குப் போடுவது, காரை அடையாளம் காண்பது, பேசக்கூடாத இடத்தில் பேசாமல் இருப்பது எல்லாம் அதில் அடங்கும். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், எது நல்ல வர்ணனை, எது வெறும் சத்தம் என்று நாமே பிரித்துவிடலாம்.

## சாவித் துவாரம் வழியே ஒரு தேர்வறை

கால்பந்தில் பந்து ஒன்றுதான். கேமரா பந்தின் பின்னால் போனால் ஆட்டத்தின் பெரும்பகுதி கண்ணில் பட்டுவிடும். பந்தயம் அப்படியல்ல. இருபது பேர் தேர்வு எழுதும் அறையைச் சாவித் துவாரம் வழியே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவரோ இருவரோதான் தெரிவார்கள். முதல் மதிப்பெண் வாங்கப்போகிறவர் கண்ணில் படாத மூலையில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

ஃபார்முலா 1 பந்தயத்தில் மொனாக்கோவில் ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர். பெல்ஜியத்தின் ஸ்பாவில் 7.004 கிலோமீட்டர். கார்கள் அந்த நீளம் முழுக்கச் சிதறி ஓடுகின்றன. திரையில் தெரிவது ஒரு வளைவும் இரண்டு கார்களும். இன்னொரு சிக்கலும் உண்டு: முன்னால் ஓடுகிற கார் முன்னிலையில் இருக்கிற கார் என்று சொல்ல முடியாது. அது ஒரு சுற்று பின்தங்கிய காராக இருக்கலாம். டயர் மாற்ற இன்னும் நிற்காத காராக இருக்கலாம். தண்டனை நேரம் தலைக்கு மேல் தொங்குகிற காராகவும் இருக்கலாம்.

சரி, எந்தப் படத்தைக் காட்டுவது என்று வர்ணனையாளர் தீர்மானிக்கலாமே? முடியாது. எல்லா நாட்டுச் சேனல்களுக்கும் ஒரே படத்தை அனுப்பும் பொது ஒளிபரப்புக்கு ‘வேர்ல்டு ஃபீட்’ என்று பெயர். ஃபார்முலா 1-இல் அதைப் போட்டியை நடத்தும் நிறுவனமே தயாரிக்கிறது. ஒவ்வொரு மொழி வர்ணனையாளரும் தனக்கு வந்துசேரும் அந்தப் படத்தின் மேல்தான் பேசுகிறார். சிலர் பந்தயத் தடத்திலேயே அமர்ந்து பேசுவார்கள். சிலர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துப் பேசுவார்கள். தடத்தில் இருப்பவர் ஜன்னல் வழியே மழை மேகத்தையும் பார்க்கலாம், அவ்வளவுதான் கூடுதல் வசதி. மற்றபடி நமக்குத் தெரியும் படமே அவருக்கும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: படம் பந்தயத்தின் ஒரு துண்டைத்தான் காட்டுகிறது, அதைத் தேர்ந்தெடுப்பதும் வேறொருவர். எனவே திரையில் தெரிவதையே திரும்பச் சொல்லும் வர்ணனை நமக்குப் புதிதாக ஒன்றும் தருவதில்லை. “சிவப்புக் கார் உள்பக்கமாக வருகிறது” என்பதை நாமும்தான் பார்க்கிறோம்.

## இருவருக்கு இரண்டு வேலை

வர்ணனை அறையில் பொதுவாக இருவர் இருப்பார்கள். ஒருவர் முதன்மை வர்ணனையாளர்: என்ன நடக்கிறது, யார், எந்த இடம், எத்தனை சுற்று மிச்சம் என்பதைச் சொல்பவர். மற்றவர் நிபுணர்: ஏன் நடக்கிறது, அடுத்து என்ன நடக்கலாம் என்பதைச் சொல்பவர். நிபுணர் பெரும்பாலும் முன்னாள் ஓட்டுநர்.

பேருந்தில் ஓட்டுநரும் நடத்துநரும் போலத்தான் இது. ஒருவர் வேலையை மற்றவர் செய்யத் தொடங்கினால் வண்டி தடுமாறும். முதன்மை வர்ணனையாளர் டயர் தேய்மானத்தைப் பற்றி நீண்ட பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு கார் முந்திப் போய்விடும், அதைச் சொல்ல ஆள் இருக்காது. நிபுணர் உற்சாகத்தில் கூட்டாளியோடு சேர்ந்து கூவினால், எது ஏன் நடந்தது என்ற விளக்கம் காணாமல் போகும்.

இந்தப் பிரிவினைக்கு நல்ல உதாரணம் பிபிசியில் 1980 முதல் 1993 வரை இணைந்து பேசிய மரே வாக்கரும் ஜேம்ஸ் ஹன்ட்டும். வாக்கர் நின்றுகொண்டே பேசுவார், கொந்தளிப்பார். 1976-இன் உலக சாம்பியனான ஹன்ட் உட்கார்ந்தபடி, ஓட்டுநர் செய்தது சரியா தவறா என்று தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்வார். இருவரும் ஒரே நேரத்தில் பேசாதிருக்க ஒரே மைக்கைக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் பேச வேண்டுமென்றால் மற்றவரிடமிருந்து மைக்கை வாங்கியாக வேண்டும். 1997-இல் ஐடிவியில் வாக்கருடன் சேர்ந்த மார்ட்டின் பிரண்டில், ஓட்டுநரின் கண்ணால் விளக்கும் வேலையை இன்னும் நுட்பமாக்கினார். ஒருவர் உணர்ச்சி, மற்றவர் அறிவு என்று இதைச் சுருக்குவது வழக்கம். அது முழுக்கச் சரியில்லை. வாக்கர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கைப்படக் குறிப்புகள் எழுதித் தயாரானவர். கொந்தளிப்புக்கு அடியில் வீட்டுப்பாடம் இருந்தது.

## மேசையில் என்னென்ன இருக்கிறது

வர்ணனையாளர் முன்னால் குறைந்தது இரண்டு திரைகள் இருக்கும். ஒன்றில் படம். மற்றொன்றில் ‘டைமிங் ஸ்கிரீன்’, அதாவது ஒவ்வொரு காரின் நேரத்தையும் வரிவரியாகக் காட்டும் அட்டவணை. பெரும்பாலும் மூன்றாவதாக, கார்கள் தடத்தில் எங்கே இருக்கின்றன என்று புள்ளிகளாக நகரும் வரைபடம். காதில் தயாரிப்பாளரின் குரல் தனியே வரும். கை அருகே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மைக் ஊமையாகும், இருமிக்கொள்ளலாம்.

இதில் டைமிங் ஸ்கிரீன்தான் உயிர்நாடி. ஒவ்வொரு சுற்றும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதற்கு ‘செக்டர்’ என்று பெயர். கார் ஒரு செக்டரைக் கடந்ததும் அந்த நேரம் நிறத்தோடு விழும். ஊதா என்றால் அன்று யாரும் எட்டாத வேகம். பச்சை என்றால் அந்த ஓட்டுநரின் சொந்த நேரங்களில் சிறந்தது. மஞ்சள் என்றால் முன்பைவிட முன்னேற்றம் இல்லை. எட்டாவது இடத்தில் ஓடும் ஒருவருக்கு வரிசையாக மூன்று ஊதா விழுந்தால், படத்தில் அவர் ஒரு நொடிகூட வராவிட்டாலும் அங்கே ஏதோ நடக்கிறது. புது டயர் போட்டிருப்பார், அல்லது எதிரே தடை இல்லாத சாலை கிடைத்திருக்கும். நல்ல வர்ணனையாளரின் கண் பாதி நேரம் இங்கேதான் இருக்கும்.

அதே அட்டவணையில் இரண்டு எண்கள் புதியவர்களையும் சில நேரம் வர்ணனையாளர்களையும் குழப்பும். ஒன்று, முதலிடத்தில் இருப்பவருக்கும் இந்தக் காருக்கும் உள்ள இடைவெளி. மற்றொன்று, இதற்கு நேர் முன்னால் ஓடும் காருக்கும் இதற்கும் உள்ள இடைவெளி. “ஹாமில்டன் பதினெட்டு வினாடி பின்னால்” என்று சொல்லும்போது யாருக்குப் பின்னால் என்று சொல்லவில்லை என்றால் அந்த எண்ணால் பயனில்லை.

## இடைவெளிக் கணக்கு

பந்தயத்தின் கதை வினாடிகளில்தான் எழுதப்படுகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டு பேர் ஒரே பாதையில் நடக்கிறார்கள். ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்ய நிற்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ அவ்வளவு தூரம் மற்றவர் முன்னே போய்விடுவார். பிட் ஸ்டாப் இதுதான். கார் அசையாமல் நிற்பது இரண்டு மூன்று வினாடிதான் என்றாலும், பிட் லேன் என்ற பக்கவாட்டுப் பாதையில் பெரும்பாலான தடங்களில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. எனவே உள்ளே நுழைந்து வெளியே வருவதற்குள் மொத்தமாக 20 வினாடி அளவில் இழப்பு. தடத்துக்குத் தடம் இது மாறும். 2010 முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது கிடையாது. நிற்பது முக்கியமாக டயருக்காக. காய்ந்த தடத்தில் நடக்கும் வழக்கமான பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை டயர்களையாவது பயன்படுத்தியாக வேண்டும் என்ற விதி இருப்பதால், ஒரு முறையாவது எல்லாரும் நிற்பார்கள்.

இப்போது ஒரு கணக்கு. முன்னிலையில் இருப்பவர் இன்னும் நிற்கவில்லை. ஏற்கெனவே நின்றுவிட்ட இரண்டாமவர் 18 வினாடி பின்னால் இருக்கிறார். நிறுத்த இழப்பு 21 வினாடி. அப்படியானால் திரையில் “1” என்று எழுதியிருப்பவர் உண்மையில் 3 வினாடி பின்னால் இருக்கிறார். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால், அடுத்த பத்துச் சுற்றும் பார்ப்பவருக்கு வேறு மாதிரி தெரியும்.

இன்னொரு கணக்கு, கடைசிக் கட்டத்துக்கானது. பின்னால் வருபவர் 6 வினாடி தள்ளி. ஒரு சுற்றுக்கு அரை வினாடி நெருங்குகிறார். மிச்சம் 15 சுற்று. பன்னிரண்டு சுற்றில் எட்டிப்பிடிப்பார். முந்துவதற்கு மூன்று சுற்று கையில் இருக்கும். இங்கே நிபுணர் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் குழப்பிவிட்டுப் போகிறது. அந்தக் கலங்கிய காற்றுக்குள் நுழையும் பின் காருக்குத் தரையோடு அழுத்தும் விசை குறைகிறது, வளைவில் வழுக்குகிறது, டயர் சூடேறுகிறது. அதனால் கடைசி ஒன்றிரண்டு வினாடியை மூடுவது முதல் நான்கு வினாடியை மூடுவதைவிடக் கடினம். கணக்கைச் சொல்லி எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால், “பிடித்துவிடுவார் என்றார்களே” என்று பார்ப்பவர் ஏமாறுவார்.

‘அண்டர்கட்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். முன்னால் ஓடுபவருக்கு முன்பாகவே நின்று புது டயர் போட்டு, அவர் பழைய டயரில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஓரிரு சுற்றில் நேரத்தைச் சம்பாதித்து, அவர் நின்று வெளியே வரும்போது முன்னே போய்விடும் உத்தி அது. இதில் முந்துதல் கேமராவில் நடப்பதே இல்லை, பிட் லேன் வாசலில்தான் தெரியவரும். எனவே இரண்டாமவர் உள்ளே நுழைந்த கணத்திலேயே “இடைவெளி ஒன்றரை வினாடிதான் இருந்தது, அவர் புது டயரில் ஒரு சுற்றில் இரண்டு வினாடி சம்பாதித்தால் முடிந்தது” என்று சொல்லிவைக்க வேண்டும். நடந்த பிறகு “அண்டர்கட் செய்துவிட்டார்!” என்று கூவுவதில் பாதிச் சுவை போய்விடுகிறது.

தண்டனை நேரமும் இதே கணக்குதான். 2019 கனடா பந்தயத்தில் முடிவுக் கோட்டை முதலில் கடந்தவர் செபாஸ்டியன் வெட்டல். அவருடைய மொத்த நேரத்தோடு 5 வினாடியைக் கூட்டும் தண்டனை இருந்தது. லூயிஸ் ஹாமில்டன் அவருக்கு 1.342 வினாடிதான் பின்னால் வந்தார்; வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. தண்டனை அறிவித்த பிறகு மிஞ்சிய சுற்றுகளில் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்றே: இருவருக்கும் இடையில் ஐந்து வினாடி இருக்கிறதா, இல்லையா.

சுருக்கிச் சொன்னால், நல்ல வர்ணனை எண்களைக் கொட்டுவதில்லை. ஒரு எண்ணை எடுத்து, அது எதனோடு ஒப்பிட வேண்டியது என்பதையும் சேர்த்துத் தருகிறது.

## ஐந்தாம் இடத்தைப் பார்த்த கண்

2008-இன் கடைசிப் பந்தயம், பிரேசில். கடைசிச் சுற்றுகளில் மழை. ஃபெலிப்பே மஸ்ஸா முதலாவதாக முடித்துவிட்டார். அவர் சாம்பியனாகாமல் தடுக்க ஹாமில்டன் ஐந்தாவதாக வந்தாக வேண்டும், அவரோ ஆறாவது. ஃபெராரி அணியின் அறையில் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. படம் உணர்ச்சியைக் காட்டும்போது அதோடு மிதந்து போவது மிக எளிது. அந்த நேரத்தில் ஹாமில்டனுக்கு முன்னால் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த காரைப் பார்த்து, “அது குளாக்கா?” என்று கேட்டவர் பிரண்டில். ஈரத் தடத்தில் காய்ந்த தடத்துக்கான டயரோடு தத்தளித்த டிமோ குளாக்கை ஹாமில்டன் கடைசி வளைவுகளில் முந்தினார். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார்.

அது கேள்வியாக வந்தது என்பதைக் கவனியுங்கள். பார்த்ததும் அடித்துச் சொல்லவில்லை. பார்ப்பவரின் கண்ணைச் சரியான காரின் மேல் திருப்பினார், உறுதியானதும் உறுதியாகப் பேசினார். ஊகத்தை ஊகமாகவே சொல்வது இந்தத் தொழிலில் பெரிய நேர்மை.

## எங்கே தவறுகிறது

மிகப் பரவலான பிழை ஆள் மாறாட்டம். ஒரு அணியின் இரண்டு கார்களும் ஒரே வண்ணம். ஓட்டுநரின் தலைக்கு மேலே உள்ள கேமராப் பெட்டி ஒரு காரில் கருப்பாகவும் மற்றதில் பளீர் மஞ்சளாகவும் இருக்கும். பழகிய கண் முதலில் அதைத்தான் தேடும். அப்புறம் தலைக்கவசம், கார் எண். ஆனால் தூறலில், தொலைவில், எதிரே வரும் காரில் எதுவும் தெரியாது. அப்போது அணியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, டைமிங் ஸ்கிரீனில் யாருடைய நேரம் திடீரென்று சரிகிறது என்று பார்த்துப் பெயரைச் சொல்வதே முறை. முந்திக்கொண்டு தவறான பெயரைச் சொன்னாலும் குற்றமில்லை. உடனே, தெளிவாகத் திருத்த வேண்டும். திருத்தாமல் நழுவுவதுதான் கெடுதல், ஏனென்றால் பார்ப்பவர் மனத்தில் அடுத்த ஐந்து நிமிடமும் தவறான பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, நேரக் குழப்பம். அணியும் ஓட்டுநரும் பேசும் ரேடியோ உரையாடல் ஒளிபரப்பில் சற்றுத் தாமதமாகவே வரும். “டயர் முடிந்துவிட்டது” என்று ஓட்டுநர் சொல்வது நமக்குக் கேட்கும்போது அவர் புது டயரில் ஓடிக்கொண்டிருக்கலாம். மறுஒளிபரப்புக் காட்சியை நேரலை என்று நினைத்துக் கூவுவதும் இதே வகை. “இது சற்று முன் நடந்தது” என்ற நான்கு சொற்கள் பெரும் குழப்பத்தைத் தவிர்க்கும். ரேடியோ ஒலிக்கும்போது அதன் மேலேயே பேசுவது இன்னும் மோசம். படத்தில் இல்லாத தகவல் ஒன்று ஒளிபரப்பில் வருகிறது, அதையும் அழித்துவிடுகிறோம்.

குரலுக்கு வருவோம். மனிதக் குரலுக்கு ஒரு உச்சி உண்டு. தொடக்கத்தில், விளக்குகள் அணைந்து எல்லாக் கார்களும் முதல் வளைவுக்குப் பாயும்போது உச்சிக்குப் போகலாம், அது நியாயம். ஆனால் பதினான்காம் இடத்துக்கு நடக்கும் போட்டியிலும் அதே உச்சியில் இருந்தால், வெற்றிக்கான முந்துதல் வரும்போது ஏற இடம் இருக்காது. பார்ப்பவருக்குச் சிறியது எது, பெரியது எது என்று தெரியாமல் போய்விடும். கத்துவது தவறல்ல. சம்பவத்தின் அளவும் குரலின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே தவறு.

புள்ளிவிவர மூட்டையை அவிழ்ப்பவர்களும் உண்டு. இந்தத் தடத்தில் யார் எத்தனை முறை வென்றார் என்பதை, ஆபத்து நேரத்தில் எல்லாரையும் மெதுவாக்க முன்னால் விடப்படும் சேஃப்டி கார் ஓடும் மந்தமான சுற்றுகளில் சொல்லலாம். இருவர் சக்கரத்தோடு சக்கரம் உரசும்போது அது யாருக்கும் வேண்டாம்.

## விபத்தின்போது

வர்ணனையின் தரம் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் இது. கண்ணால் பார்த்து விபத்தின் தீவிரத்தை அளக்க முடியாது என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

அமெரிக்காவின் நாஸ்கார் வகைப் பந்தயமான டேட்டோனா 500-இல், 2001-இல், கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. வெளியிலிருந்து பார்க்க, அந்த வகைப் பந்தயத்தில் அடிக்கடி நடக்கும் மோதல் போலவே இருந்தது. அதே கணத்தில் மைக்கேல் வால்ட்ரிப் வென்றுகொண்டிருந்தார். வர்ணனை செய்துகொண்டிருந்தவர் அவருடைய அண்ணன் டாரல் வால்ட்ரிப். தம்பியின் வெற்றியில் பூரித்த அதே குரல், சற்று நேரத்தில் எர்ன்ஹார்ட் நலமா என்று கவலையோடு கேட்டது. எர்ன்ஹார்ட் இறந்துவிட்டார்.

2020 பஹ்ரைனில் முதல் சுற்றிலேயே ரொமெய்ன் குரோஜானின் கார் தடுப்பைப் பிளந்துகொண்டு இரண்டாக உடைந்து தீப்பிழம்பானது. பார்த்தவர்கள் உயிர் மிஞ்சாது என்றே நினைத்தார்கள். 28 வினாடி அளவில் அவர் நெருப்பிலிருந்து வெளியே வந்தார். கைகளில்தான் முக்கியமான காயம். அவர் பத்திரமாக இருப்பது தெரியும்வரை வேர்ல்டு ஃபீட் மோதலை மறுபடி காட்டவில்லை.

அதனால்தான் விபத்து நேரத்தில் கட்டுப்பாடு கடுமையாக இருக்கிறது. தெரிந்ததை மட்டும் சொல்வது: எந்த வளைவு, எந்தக் கார், பந்தயத்தையே நிறுத்தும் சிவப்புக் கொடியா சேஃப்டி காரா, மருத்துவக் கார் போய்ச் சேர்ந்ததா. “ஒன்றுமில்லை, சின்ன இடி” என்றும் சொல்லக்கூடாது, “பயங்கரம்” என்றும் அளக்கக்கூடாது. யார் மீது தவறு என்ற விவாதம் ஓட்டுநர் வெளியே வந்த பிறகு. மறுகாட்சி வராமலே இருந்தால் அதற்குக் காரணம் இருக்கலாம் என்று அனுபவசாலிகளுக்குத் தெரியும். அந்த மௌனத்தை ஊகத்தால் நிரப்ப மாட்டார்கள். ஓட்டுநரின் குடும்பமும் இதே ஒளிபரப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

## ஒன்றும் நடக்காத நேரம்

2011 கனடா பந்தயம் 4 மணி 4 நிமிடம் நீண்டது. நடுவே மழைக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார்கள் நின்றுகிடந்தன. அத்தகைய வேளையில் வர்ணனையாளருக்குக் கைகொடுப்பது தயாரிப்பு மட்டுமே: நிறுத்தத்தின்போது விதி என்ன அனுமதிக்கிறது, மீண்டும் எந்த வரிசையில் கிளம்புவார்கள், எத்தனை சுற்று ஓடினால் எவ்வளவு புள்ளி. பிட் லேனில் நின்று தகவல் சேகரிக்கும் நிருபர் இல்லாவிட்டால் இந்த நேரம் மிகவும் வறண்டுபோகும்.

லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இது இன்னும் பெரிது. 13.626 கிலோமீட்டர் தடத்தில் அறுபதை ஒட்டிய கார்கள், வெவ்வேறு வேகப் பிரிவுகளில், ஒரே நேரத்தில் ஓடும். வேகப் பிரிவுக் கார் மெதுப் பிரிவுக் காரை முந்துவது நொடிக்கு நொடி நடக்கும். அதற்கெல்லாம் பொருள் இல்லை. எந்த முந்துதல் இடத்தை மாற்றுகிறது என்பதை மட்டும் பொறுக்கிச் சொல்வதும், இப்போதுதான் தொலைக்காட்சியைப் போட்டவருக்காக அவ்வப்போது பிரிவுவாரியாக நிலவரத்தை மறுபடி அடுக்குவதுமே அங்கே வர்ணனை.

## நீங்களே அளந்து பார்க்க

அடுத்த பந்தயத்தில் ஒரு பயிற்சி செய்யலாம். நடுக்கட்டத்தில் ஐந்து சுற்றுக்கு ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: முதல் ஐந்து பேர் யார், அவர்களில் யார் இன்னும் நிற்க வேண்டும், யார் யாரை நெருங்குகிறார். அடுத்த ஐந்து சுற்றை ஒலியோடு பார்த்து அதையே மறுபடி எழுதுங்கள். இரண்டாவது தாளில் கூடுதலாக என்ன இருக்கிறதோ, அதுதான் வர்ணனை உங்களுக்குத் தந்தது.

இரண்டு தாளும் ஒன்றாக இருந்தால், வர்ணனையாளர் படத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் பெயர்களும் எண்களும் குவிந்திருந்து, யார் யாரைப் பிடிப்பார் என்பது மட்டும் இன்னும் எழுத வரவில்லை என்றால், அவர் டைமிங் ஸ்கிரீனை வாசித்துக்கொண்டிருந்தார். “நாலாவது ஓடுபவர்தான் உண்மையில் முன்னிலை, முப்பதாவது சுற்றில் தெரியும்” என்று உங்களால் எழுத முடிந்தால், முப்பதாவது சுற்று வரும்வரை தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.